முடிவு வரும் வரையில்

1986-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு, சென்னையிலிருந்து காட்பாடிக்குப் புறப்பட்ட ரயிலில் இளம் தம்பதியர் இருவர் பிரயாணம் செய்தனர். அவர்களுடைய மூட்டை முடிச்சுகளோடு, மனிதரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் அடைத்த சிறு குழாய்களும் இருந்தன. மனைவி, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் பயின்றுகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா. அப்போது அவருக்குப் பிராயம் 32. கணவர் வீரப்பன் ராமமூர்த்தி. எய்ட்ஸ் என்பது எங்கோ கடல் கடந்த தேசங்களில், நம்மைப் போல் அல்லாத ஜனங்களுக்கு வருகிற வியாதி என்றும், நமது ஒழுக்கமும் குடும்ப தர்மமும் அதை எல்லையிலேயே தடுத்து நிறுத்திவிடும் என்றும் கற்றோரும் கல்லாதோரும் ஒருசேர நம்பியிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தம் மாணவிக்கு இந்த ஆராய்ச்சியைக் கொடுத்தவர் பேராசிரியை சுனிதி சாலமன்.

சென்னையில் பம்பாயைப் போலப் பாலியல் தொழிலுக்கென்று பெயர் பெற்ற தெரு ஏதும் இல்லை. ஆகையால் நிர்மலா அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை பெற வந்த பெண்களிடம் பேசிப் பழகி, அவர்கள் வழியாகவே, கைது செய்யப்பட்ட பெண்களை அடைத்து வைக்கும் அரசுக் காப்பகம் ஒன்று உண்டென்று அறிந்து அங்கே சென்றார். கணவர் தம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவர் அந்தப் பெண்களிடம் இரத்தம் எடுத்தார். எடுத்ததை உரிய முறையில் சேமித்து வைக்க வசதி இல்லாமையால், சீரத்தைப் பிரித்த பின்னர் அது தங்கியிருந்த இடம் அவருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியே. சென்னையில் எய்ட்ஸ் கிருமிக்கான பரிசோதனையைச் செய்து பார்க்க வழி இல்லை. சுமார் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ஜேக்கப் ஜான் என்னும் வைரஸ் ஆராய்ச்சியாளரின் பரிசோதனைக் கூடத்தில் அந்த வசதி இருந்தது. அதற்காகத்தான் அந்த இரவுப் பிரயாணம்.

மறுநாள் காலை பரிசோதனை தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் நின்றுவிட்டது. கூடத்திலிருந்தோர் வேறு செய்வதறியாமல் தேநீர் அருந்தச் சென்றார்கள். திரும்பி வந்து, நிர்மலாவும் ஜார்ஜ் பாபு என்ற ஆராய்ச்சியாளரும் முதலில் உள்ளே நுழைந்து மூடியைத் திறந்தபோது, ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் கொண்டிருந்தன. எலைசா என்னும் அந்தப் பரிசோதனையின் பாஷை நிறமேயாகும்: கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால் குழியிலுள்ள திரவம் நிறம் மாறும், இல்லையேல் தெளிவாகவே நிற்கும். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமியான ஹெச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்ணில் பட்ட கணம் அதுவே. அதற்கு முன்னே நிகழ்ந்த காத்திருப்பு, ஒரு மின்வெட்டும் ஒரு கோப்பைத் தேநீரும் கொண்ட நேரம்.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் கூடத்தில் நில்லாமல் சென்னைக் காப்பகத்தை நோக்கியே போகிறது. இரத்தம் கொடுத்த பெண்கள், வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனைக்காகவே அதை எடுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். எய்ட்ஸ் என்ற சொல் அவர்களிடம் சொல்லப்படவில்லை. வேலூரில் மாணவியும், சென்னையில் அவருடைய ஆசிரியையும் நெஞ்சு படபடக்க முடிவை எதிர்பார்த்திருந்த அந்த நேரத்தில், யாருடைய ஜீவனைப் பற்றி அந்த முடிவோ அவர்கள் எதையும் எதிர்பாராமல் மதியச் சோற்றுக்கு வரிசையில் நின்றிருக்கக் கூடும். பின்னர் மீண்டும் ஒரு முறை அவர்களிடம் இரத்தம் எடுத்து, எரிக் சைமோஸ் என்பவர் மூலம் அதை அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்னும் நுட்பமான சோதனையால் நிச்சயப்படுத்திக்கொண்டார்கள். செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும், பிரதம மந்திரி ராஜீவ் காந்திக்கும், மாநில சுகாதார மந்திரி ஹண்டேவுக்கும் எட்டியது. மே மாதத்தில் சட்டசபையில் ஹண்டே அதைப் பிரகடனம் செய்தபோது, நம்பினோரைவிட நம்ப மறுத்தோரே மிகுதி. சோதனையே தவறு என்று வாதித்தோரும் உண்டு. ஆராய்ச்சி செய்தவர்களை நான் குறை கூறவில்லை. அவர்களுடைய துணிவுக்கு இந்த தேசம் கடன்பட்டிருக்கிறது. ஆயினும் அதன் பின் வந்த ஆண்டுகளில், இரத்தத்தில் கிருமி கண்ட பெண்கள் பலர் அந்தக் காரணத்துக்காகவே காப்பகங்களில் தொடர்ந்து அடைத்து வைக்கப்பட்டார்கள் என்பதும், பத்திரிகையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது என்பதும் இந்தச் சரித்திரத்தில் எழுதப்பட வேண்டியவை. அவர்களுக்கு முடிவு சொல்லப்பட்ட விதம், பூட்டைத் திறவாமையே.

இப்பரிசோதனை பிறந்த தேசத்திலும் ஆரம்பம் சுகமானதாக இல்லை. 1985 மார்ச் 2-ஆம் தேதி அமெரிக்க அரசு முதல் எலைசா சோதனைக்கு அனுமதி அளித்ததன் நோக்கம், ஒருவருக்கு அவருடைய உடல்நிலையைத் தெரிவிப்பதன்று. இரத்த வங்கிகளில் சேரும் இரத்தத்தைச் சுத்தமாக வைத்திருப்பதே. தம் ஸ்திதியை அறிய விரும்பியோர் இரத்த தானம் செய்பவரைப் போல வங்கிகளுக்குள் நுழைந்துவிடுவார்களோ என்ற அச்சத்தினால்தான், பெயர் சொல்லாமல் சோதித்துக்கொள்ளும் தனி நிலையங்களை அங்கே ஏற்படுத்தினார்கள். அதற்கு முந்திய நான்கைந்து ஆண்டுகளில், சான் பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் நண்பர்களை ஒருவர் பின் ஒருவராக அடக்கம் செய்துவந்த வாலிபர்களுக்கு இருந்த ஒரே சோதனை, காலையில் கண்ணாடி முன் நின்று தோலில் ஊதா நிறத் திட்டு ஏதேனும் தோன்றியிருக்கிறதா என்று தேடுவதுதான். சோதனை வந்த பிறகும், அதைச் செய்துகொள்ள வேண்டாம் என்று அவர்களுடைய சங்கங்களில் சிலவே உபதேசித்தன. மருந்து இல்லாத வியாதியை அறிந்து என்ன பயன், அறிந்த செய்தி முதலாளிக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் எட்டினால் என்ன கதி என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அன்று மறுமொழி இல்லை. முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987 மார்ச்சில்தான் அனுமதி பெற்றது; அதுவும் நோயைச் சில காலம் தள்ளிப்போட்டதேயன்றி வெல்லவில்லை.

முடிவுக்கு ஏன் ஒரு வாரமும் இரண்டு வாரமும் ஆயின என்பதையும் சொல்ல வேண்டும். எலைசாத் தட்டு ஒன்றில் 96 குழிகள் உண்டு. ஒரே ஒருவருடைய இரத்தத்துக்காக ஒரு தட்டைப் பிரித்துச் செலவிட எந்தப் பரிசோதனைக் கூடமும் துணியாது. போதிய மாதிரிகள் சேரும் வரையில் குழாய்கள் காத்திருக்கும், குழாய்களுக்குரிய மனிதர்களும் காத்திருப்பார்கள். நிறம் மாறிய மாதிரியை மறுபடியும் சோதிப்பார்கள். பின்னும் மாறினால் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு அனுப்புவார்கள். கிருமி இல்லாதவர் இரத்தத்திலும் எலைசா சில வேளைகளில் பொய்யாக நிறம் காட்டும் ஆதலால் இந்த எச்சரிக்கை அவசியமே. ஆனால், தாமதத்தின் காரணம் இன்னதென்று காத்திருப்போருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாத தாமதத்தைத் துர்ச்சகுனமாகவே மனம் எடுத்துக்கொண்டது.

காத்திருக்கிறோம் என்பதையே அறியாமல் இருந்தோரில் கோவாவைச் சேர்ந்த டொமினிக் டிசூசாவும் ஒருவர். தாமே விரும்பி இரத்த தானம் செய்துவந்த அந்த இளைஞரை, 1989 பிப்ரவரியில் ஒரு நாள் போலீஸார் வந்து அழைத்துச் சென்றனர். மருத்துவமனையில் எதற்காக இந்தக் கேள்விகள் என்று அவர் திகைத்து நின்றபோது, பதிவேட்டில் தம் பெயரையும் அதன் அருகே எய்ட்ஸ் என்று எழுதியிருந்ததையும் கண்டே விஷயத்தை அறிந்தார் என்பார்கள். கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி அவரை 64 நாட்கள் தனியே அடைத்து வைத்தார்கள். அவர் வழக்காடினார், பேசினார், தம்மைப் போன்றோருக்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார், 1992-இல் காலமானார்.

1993-இல் சுனிதி சாலமன் தம் தந்தை ஒய்.ஆர். கெயிடோண்டேயின் பெயரால் சென்னையில் ஒரு மையத்தை நிறுவினார். எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் சிகிச்சைக்குமாக ஏற்பட்ட அந்த இடத்தில், தாமாகவே முன்வந்து இரத்தம் சோதித்துக்கொள்வதும், அதற்கு முன்னும் பின்னும் ஒருவர் எதிரே அமர்ந்து பேசுவதும் வழக்கத்துக்கு வந்தன. மற்ற வைத்தியர்கள் தொடவும் கூசிய நோயாளிகளின் தோளில் அந்த அம்மையார் கை வைத்துப் பேசினார். தாம்பரம் காசநோய் மருத்துவமனை ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் படுக்கை தரத் தொடங்கியதும் ஏறக்குறைய அக்காலமே. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது. இவ்வகைச் சங்கம் தேசத்தில் இதுவே முதலாவது. ஆயினும் நகரத்தில் பிறந்த நல்வழக்கம் மாவட்டங்களுக்கு வந்து சேர ஆண்டுகள் பல ஆயின. அந்த இடைவெளியில் அகப்பட்டுக்கொண்டோரில் எனக்குத் தெரிந்தவனும் ஒருவன்.

அவன் எனக்குத் தம்பி முறை. நாமக்கல் பக்கத்தில் லாரி ஓட்டியவன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், தேசமெங்கும் எய்ட்ஸைப் பற்றிய பேச்சில் லாரி ஓட்டுநர்களையே முதலில் சுட்டிக் காட்டுவார்கள். நாமக்கல்லின் பெயரோ அதில் தவறாமல் அடிபடும். ஒரிஸா லைனில் போய்வந்த ஒரு நடையில் நடந்த ஒரு காரியத்தை நினைத்து நினைத்து உறக்கம் இழந்து, கடைசியில் சேலத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் கொடுத்தான். ரசீதை நீட்டிய குமாஸ்தா, அடுத்த திங்கட்கிழமை வரும்படி சொன்னதோடு சரி.

அந்த ஏழு நாட்களும் அவன் சேலம் ஜங்ஷனுக்குப் போனான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிளாட்பாரத்தில் வர்ண விளக்குகள் சுழலும் எடை இயந்திரம் ஒன்று நிற்கும். காசு போட்டால், ஒரு பக்கத்தில் எடையும் மறுபக்கத்தில் ஆரூட வாக்கியமும் அச்சிட்ட சிறு அட்டை விழும். ஊரார் பேச்சில் எய்ட்ஸ் என்றால் இளைத்துப்போவது. ஆகையால் நாள்தோறும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஏறி நின்று, அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஆறாம் நாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அந்த அட்டைகளைச் சீட்டு விரிப்பதுபோல் வரிசையாக வைத்தான்.

“நேத்து அறுபத்திரண்டு இருந்துச்சுங்ண்ணா. இன்னைக்கு அறுபத்தொண்ணு. ஒரு கிலோ எங்கே போச்சுங்ண்ணா?”

“நீ சோறு தின்னு எத்தனை நாளாச்சு?” என்று கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை.

“நாளைக்குக் கூட வாங்கண்ணா. உள்ளே வர வேண்டாம். வாசல்ல நின்னாப் போதும்” என்றான்.

திங்கட்கிழமை உறை கிடைத்தது. படிக்கட்டில் நின்றபடியே ஊசி போட்ட உறையைக் கிழித்தான். ஆங்கிலத்தில் ‘நான்-ரியாக்டிவ்’ என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான். ‘ரியாக்டிவ்’ என்ற பகுதி மட்டுமே அவன் காதில் விழுந்தது போலும். கால் தளர்ந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் அந்தச் சொல்லின் பொருள் நிச்சயமாகத் தெரியவில்லை. அறிந்த வைத்தியர் ஒருவரிடம் அவனை அழைத்துப்போய்க் காட்டிய அரை மணி நேரத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். இரத்தத்தில் கிருமியின் அடையாளம் இல்லை என்று அவர் விளக்கினார். பிறகு, அந்தக் கூடத்தில் எவரும் சொல்லாத ஒன்றையும் சொன்னார். கிருமி புகுந்த உடனே எதிர்ப்பொருள் உண்டாகிவிடாது என்றும், அதுவரையில் சோதனைக்கு ஒன்றும் தெரியாது என்றும், சம்பவம் நடந்து மூன்று மாதம் கழிந்தபின் மறுபடி பார்த்தாலே நிச்சயம் என்றும் அவர் கூறியதும், ஏழு நாள் வியாகுலம் மூன்று மாத வியாகுலமாக நீண்டது. பெண் பார்க்கப் போவதாக வீட்டில் செய்திருந்த ஏற்பாட்டை, வண்டி லோடு என்று பொய் சொல்லித் தள்ளிப்போட்டான். இரண்டாம் சோதனையிலும் ஒன்றும் இல்லை. இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவன் தப்பினான், ஆனால் பொருள் தெரியாத ஒரு சொல்லை மூடிய உறையில் இட்டுக் கொடுத்து ஒரு மனிதனைத் தெருவுக்கு அனுப்பிய அந்த முறையை, அதிருஷ்டசாலிக்கு நேர்ந்தது என்பதற்காக நான் மன்னிப்பதற்கில்லை. அவனுக்கு முன்னே உறை வாங்கிப் போனவர்களில், வேறு சொல் எழுதிய உறையைப் பெற்றவர் எவரோ, அவர் எந்தப் படியில் உட்கார்ந்தாரோ!

காத்திருக்க மாட்டாமல் முடிவையே வாங்காது போனோரும் எங்கும் உண்டு. அமெரிக்காவில் அரசுப் பண உதவி பெற்ற நிலையங்களில் 2000-ஆம் ஆண்டில் கிருமி கண்டறியப்பட்டோரில் 31 சதவீதம் பேர் திரும்பி வந்து முடிவைக் கேட்கவே இல்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சில நிமிஷங்களில் விடை தரும் துரித சோதனைகள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை நடக்கும் இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் வைக்கும் பெயர்களில் இவ்வளவு பொருத்தமானது அபூர்வம் என்பது என் அபிப்பிராயம். வருபவருக்கு முதலில் ஆலோசகர் விஷயத்தை விளக்குவார்; சம்மதம் பெறுவார்; பெயருக்குப் பதில் எண் இடுவார்; இரத்தம் எடுத்தபின் பெரும்பாலும் அன்றைக்கே முடிவு. முதல் சோதனையில் அடையாளம் தென்பட்டால், வெவ்வேறு தத்துவத்தில் இயங்கும் மேலும் இரண்டு சோதனைகளைச் செய்து மூன்றும் ஒத்தால் மட்டுமே உண்டு என்று நிர்ணயிப்பார்கள். முடிவு எதுவாயினும் அதைக் காகிதம் சொல்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மனிதர் சொல்கிறார்.

அதே காலத்தில் முடிவின் பொருளே மாறிவிட்டது. 1996-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது; 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் உள்ளிட்ட சில இடங்களில் அம்மருந்துகளை இந்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. சுனிதி சாலமனின் மையமும் பங்குகொண்டு, 9 தேசங்களில் 1763 தம்பதியரிடம் நடந்த பேராராய்ச்சி ஒன்று, மருந்தை முன்னதாகவே தொடங்கினால் துணைவருக்குக் கிருமி தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் காட்டியது. 2017 முதல், கிருமி உண்டென்று தெரிந்தவர் எவராயினும் தாமதமின்றி மருந்து தொடங்கலாம் என்றாயிற்று. மரண ஓலையாக இருந்த காகிதம், ஆயுள் முழுதும் நாள்தோறும் மாத்திரை உண்பதற்கான சீட்டாகிவிட்டது. 2015 ஜூலை 28-ஆம் தேதி சுனிதி சாலமன் காலமானபோது, இந்த மாற்றம் பெரும்பாலும் அவர் கண்முன்னே நிகழ்ந்திருந்தது.

ஆயினும் அந்த வியாகுலம் ஒழிந்துவிடவில்லை. சோதனைக்கு நிமிஷங்களே போதும் என்றாலும், கிருமி புகுந்த நாளுக்கும் சோதனை அதைக் காணும் நாளுக்கும் உள்ள இடைக்காலத்தை எந்தக் கருவியும் முற்றிலும் அழிக்கவில்லை. எதிர்ப்பொருளோடு கிருமியின் புரதத்தையும் தேடும் புதிய இரத்தச் சோதனைக்கு 18 முதல் 45 நாட்கள் வேண்டும். எதிர்ப்பொருளை மட்டும் தேடுவதற்கு 90 நாள் வரை ஆகலாம். அபாயம் நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்றால் 28 நாள் மருந்தால் தொற்றைத் தடுக்க வழி உண்டு என்பதை அறியாமலே, அந்த 72 மணி நேரத்தையும் அச்சத்திலேயே கழித்துவிடுவோர் இன்றும் அனேகர். கணக்கு முடிந்த பின்னும் நம்ப மாட்டாமல், கூடம் மாற்றிக் கூடம் சென்று சோதிப்போரை ஆலோசகர்கள் அறிவார்கள். அவர்களை நோவதில் பயனில்லை. இரத்தம் தெளிந்த பின்னும் மனம் தெளியச் சற்றுக் காலம் பிடிக்கிறது.

நம்பிக்கை மையத்தில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. சந்தேகம் கேட்க 1097 என்னும் தொலைபேசி எண்ணும் இலவசமே. இதைப் படிக்கும் உங்களிடம் என்றேனும் ஒருவர் வந்து, உள்ளே வர வேண்டாம், வாசலில் நின்றால் போதும் என்று கேட்டால், காரணம் கேளாமல் கூடப் போங்கள்.